ஜீரோ பாத்துக்கோங்க

அயனாவரம் பெட்ரோல் பங்க்கில் பன்னிரண்டு வருடம்.
நாளைக்கு முந்நூறு தடவை சொல்கிறேன்,
'ஜீரோ பாத்துக்கோங்க சார்.'
பாதிப் பேர் பார்ப்பார்கள்.
மீதிப் பாதி போனைப் பார்க்கும்.
அந்த மீதிப் பாதியில்தான்
என் யோக்கியதை நிற்கிறது, ஒற்றைக் காலில்.

கீழ்ப்பாக்கத்தில் ஏதோ ஆராய்ச்சி என்று
கூட்டிப்போனவன் ராத்திரி ஷிப்ட் கஜபதி.
ஆம்பளைகள் மட்டும். ஐந்நூறு ரூபாய், மதியம் பிரியாணி.
தோளில் ஒரு ஜெல் தடவினார்கள்.
சிலருக்கு அதில் ஆண் ஹார்மோன்,
சிலருக்கு வெறும் வழவழப்பு.
யாருக்கு எது என்று
தடவிய நர்ஸுக்கே தெரியாதாம்.
'மீசை நல்லா வளருமா சிஸ்டர்?' என்றான் கஜபதி.
அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் தனி அறை. கேமரா கிடையாது.
மேஜைமேல் ஒரு பகடை.
உருட்டு, விழுந்ததை நீயே எழுது,
எழுதிய எண்ணுக்கு, ஒன்றுக்கு நூறு ரூபாய்.
எனக்கு விழுந்தது இரண்டு.

கேஸ் சிலிண்டர் முடிகிற வாரம் அது.
பேனா ஆறின் வளைவுக்குக் கிளம்பியேவிட்டது.
நெஞ்சுக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்து
நானூறு ரூபாய்க்கா நீ? என்றது.
இரண்டு என்றே எழுதினேன்.
கஜபதிக்கு ஆறு.
'அந்த ரூம்ல எல்லாருக்கும் ஆறுதான்டா விழும்.'

அன்று சாயங்காலம் ஓட்டேரி சிக்னலில்
இடது பக்கம் நுழைந்த ஆட்டோவுக்கு
வழி விடமாட்டேன் என்று வண்டியைக் குறுக்கே போட்டேன்.
பின்னால் பெரம்பூர் பஸ் அலறியது.
அசையவில்லை.
நெஞ்சில் நிமிர்ந்தது அதேதான்,
அதே குரல், அதே கேள்வி,
ரூபாய்க் கணக்கு மட்டும் இல்லை.

வீட்டில் தேசராணி கேட்டாள்,
'சீட்டுப் பணம் கட்டிட்டியா?'
இதற்கு என்னிடம் மூன்று பதில்கள் உண்டு,
மூன்றும் தலையணை போல.
அன்று சொன்னேன்:
'கட்டல. என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்.
உங்கண்ணன் கல்யாணத்துல மோதிரம் போட்டானா?
அத நெனச்சித்தான் குடுத்தேன்.'
ஒரு சொல் கூடப் பொய்யில்லை.
கலப்படம் இல்லாத சரக்கு,
பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாதது.

மூன்று நாள் அவள் பேசவில்லை.
பொய்க்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமுண்டு எனக்கு.
இதற்கு எங்கிருந்து தொடங்குவது?

டாக்டர் நஸ்ரினுக்குப் போன் போட்டேன்.
'அது ஏறினா சிலருக்குக் கௌரவம் பெருசாத் தெரியலாம்.
சின்னப் பொய் கேவலமாத் தோணலாம்.
லாம்னுதான் சொல்றேன், கவனிங்க.'
'கோபம் மேடம்?'
'அது வேற ஆராய்ச்சி.'

ஐந்து மாதம் கழித்துக் கவர் வந்தது, இங்கிலீஷில்.
நான் ஏழாவது. தேசராணி பத்து பாஸ்.
ஒரு தடவை படித்தாள்.
ஜன்னலோரம் போய் இன்னொரு தடவை.
'மருந்துதான் தடவிக்கிறாங்க உனக்கு.
அன்னிக்குப் பேசனது நீ இல்ல' என்றாள்,
என் முகம் பார்க்காமல்.
காகிதத்தை நாலாக மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் சொருகினாள்.
பிறகு குழம்புச் சட்டியில் தேடி
சங்கராத் தலையை என் தட்டில் போட்டாள்.

அப்படியானால் அந்த இரண்டை எழுதியதும் நான் இல்லையா?
வாய் வரை வந்தது.
மீனோடு விழுங்கிவிட்டேன்.

டப்பா அங்கேயேதான் இருக்கிறது.
கஜபதிக்கு இங்கிலீஷ் படிக்க வரும்.
அவள் குளிக்கப் போகும் நேரம் எனக்குத் தெரியும்.
அவள் தோளில் யாரும் எதையும் தடவவில்லை
என்பதும் தெரியும்.

காலை ஆறு மணி. முதல் வண்டி.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் போனில் குனிந்திருக்கிறார்.
'ஜீரோ பாத்துக்கோங்க சார்.'
நிமிரவில்லை.
நான் பார்த்துக்கொண்டேன்.